விசில் அக்கா நீந்திய நாள்

விசில் அக்கா முதன்முதலாக அந்தக் குளத்தில் குதித்தபோது அவளுக்கு நீச்சல் தெரியாது. அப்போது அவள் விசில் அக்காவும் இல்லை. நீச்சல் குளத்து வாசலில், கூண்டுக்குள் உட்கார்ந்து டிக்கெட் கிழித்துக் கொடுக்கும் பெண், அவ்வளவுதான். ஒரு மத்தியானம் கை கழுவிவிட்டுத் திரும்பும்போது, ஆழமான பக்கத்தில் ஒரு சின்னப் பெண் கையையும் காலையும் அடித்துக்கொண்டு முங்குவதைப் பார்த்தாள். யோசிக்கவே இல்லை. மூக்குக்கண்ணாடி, செருப்பு, இடுப்புச் சாவிக்கொத்து எல்லாவற்றோடும் தொபுக்கடீர் என்று குதித்துவிட்டாள். குளத்தின் உயிர்காப்பாளர் இரண்டு பேரையும் இழுத்து வெளியே போட வேண்டியதாயிற்று. சின்னப் பெண் உடனே எழுந்து உட்கார்ந்து அம்மாவைக் கேட்டாள். இவள்தான் வெகு நேரம் இருமிக்கொண்டிருந்தாள்.

"நீச்சல் தெரியாதுன்னா எதுக்கும்மா குதிச்சே?" என்று தலையில் அடித்துக்கொண்டார் காப்பாளர்.

"குதிக்கிறப்ப அது ஞாபகம் வரலை சார்."

குளம் முழுக்கச் சிரித்தது. அவளுக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் மறுநாள் குளம் திறக்கும் முன்பே வந்து, ஆழமில்லாத பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு காலை அடிக்க ஆரம்பித்துவிட்டாள். நீந்தக் கற்றாள், பரீட்சை எழுதினாள், தண்ணீருக்கடியிலிருந்து ஆளை இழுத்து வரும் சோதனையில் தேறினாள். பழைய காப்பாளர் வேறு ஊருக்குப் போனபோது அவர் இடம் இவளுக்குக் கிடைத்தது, அவருடைய விசிலும் கூட.

அந்த விசிலை அவள் ஊதினால் தெரு முனையில் போகிற சைக்கிள் நின்றுவிடும். "விசில் அக்கா" என்ற பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. மேனேஜர் கூப்பிடுவதும் விசில்தான். சரக்குக் கப்பலில் இன்ஜின் அறையில் வேலை பார்க்கும் அவளுடைய கணவர்கூட போனில் அவளை அந்தப் பெயரிலேயே பதிந்து வைத்திருந்தார். வருஷத்தில் பாதிக்கு மேல் அவர் கடலில். இவளும் தண்ணீர், அவரும் தண்ணீர், சந்திப்பது மட்டும் தரையில் என்று அவள் நாத்தனார் கிண்டல் செய்வாள்.

நாற்பது வயது தாண்டிய பிறகு விசில் அக்காவுக்கு ஒரு ரகசிய ஆசை வந்தது. மற்றவர்கள் பந்தயம் போவதை எத்தனையோ வருஷமாக உயர நாற்காலியிலிருந்து பார்த்திருக்கிறாள். தான் ஒரு தடவையாவது போக வேண்டும். குளம் மூடிய பிறகு சுவர்க் கடிகாரத்தின் நொடிமுள்ளைப் பார்த்துப் பார்த்து நீந்தினாள். கண்ணாடி இல்லாமல் அந்த முள் சரியாகத் தெரியாது, அது வேறு விஷயம்.

அந்த வருஷம் நான்கு ஊர்களுக்குமான நீச்சல் போட்டி அவர்கள் குளத்துக்கு வந்தது. இழுத்து மூடிவிட்ட ஒரு பெரிய நீச்சல் குளத்திலிருந்து, நேரம் அளக்கும் கருவியை மேனேஜர் வாங்கி வந்தார். தண்ணீருக்குள் சுவரோடு மாட்டும் பலகைகள் எட்டு; எட்டிலிருந்தும் ஒயர் வந்து சேரும் ஒரு சாம்பல் நிறப் பெட்டி. நீந்துகிறவரின் கை பலகையில் பட்ட கணம், நொடியில் நூறில் ஒரு பங்கு வரை பெட்டி சொல்லிவிடும். பெட்டியிலிருந்து ஒரு கம்பி கம்ப்யூட்டருக்குப் போகும். கம்ப்யூட்டர் அந்த நேரத்தை வைஃபை வழியாக இணையப் பக்கத்தில் போடும். ஊரில் எங்கிருந்தும் பார்க்கலாம்.

ஊரில் என்ன, கடலிலேயே பார்க்கலாம் என்றார் கணவர். "இங்க வீடியோ எல்லாம் ஓடாது விசில். ஆனா எழுத்து மட்டும் இருக்கிற பக்கம்னா எப்படியாவது வந்துரும். நீ கைய வச்ச உடனே எனக்குத் தெரியணும். சாயங்காலம் போன் பண்ணிச் சொல்ற கதை எல்லாம் எனக்கு வேணாம்."

அவள் அன்றே நாற்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கான பிரிவில் பெயர் கொடுத்தாள். மேனேஜர் பெயரைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"நீ தண்ணியில இருந்தா கம்ப்யூட்டரை யார் பார்த்துக்கிறது?"

"நீங்கதான் சார். பந்தயம் ஆரம்பிக்கிறப்ப ஒரு பட்டனை அமுக்கணும், அவ்வளவுதான்."

அந்த ஒரு பட்டனுக்குப் பின்னால் எவ்வளவு இருக்கிறது என்று அப்போது அவளுக்கும் தெரியாது.

கம்ப்யூட்டரைக் குளத்தோரத்தில் இருந்த கண்ணாடி அறையில் வைத்தார்கள். பழைய மேஜைக் கம்ப்யூட்டர். வைஃபைக்காக அதன் முதுகில் விரல் நகம் அளவுக்கு ஒரு குச்சி செருகியிருந்தது. விசில் அக்கா பெட்டியின் கம்பியைச் செருகிவிட்டு ஓடிப்போய் பலகையில் பளாரென்று ஓர் அறை விட்டாள். திரையில் எண் வந்தது! மேனேஜர் கை தட்டினார். இணையப் பக்கத்தைத் திறந்தார்கள். வட்டம் சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. கம்பியைப் பிடுங்கினாள். பக்கம் டக்கென்று திறந்தது. செருகினாள். வட்டம் மறுபடியும் சுற்ற ஆரம்பித்தது.

"ஒண்ணு வந்தா இன்னொண்ணு கிளம்பிப் போயிருது. கோவிச்சுக்கிட்ட சம்பந்திங்க மாதிரி," என்றாள்.

"விடு. நேரத்தைத் தாள்ல எழுதி ஒட்டிடலாம்," என்றார் மேனேஜர். அவருக்கு நாற்காலி, கூடாரம், குடிநீர் என்று ஆயிரம் கவலை.

விசில் அக்கா விடவில்லை. நாத்தனாருக்குப் போன் போட்டாள். கணவரின் தங்கையான அவள், வீடு வீடாக இன்டர்நெட் இணைப்பு கொடுக்கிற வேலையில் இருந்தாள். ஆளும் உயரம், பொழுதெல்லாம் ஏறி நிற்பதும் ஏணியில். ஆகவே குடும்பத்தில் அவளுக்குப் பெயர் ஏணி.

"சொல்லுங்க அண்ணி, மொட்டை மாடியில நிக்கிறேன், காத்து இரைச்சலா இருக்கு!"

விசில் அக்கா கத்திக் கத்தி விஷயத்தைச் சொன்னாள்.

"கம்பியைச் செருகின உடனே போகுதா, கொஞ்சம் கழிச்சுப் போகுதா?"

"செருகின கையை எடுக்கிறதுக்குள்ள போயிருது."

"அப்ப ஒண்ணும் உடையல அண்ணி. கம்ப்யூட்டர் தப்பான ஆளை நம்புது. வெளியே போற வாசலுக்குக் கேட்வேன்னு பேரு. கம்பியைச் செருகினதும் அந்தப் பெட்டி, 'நான்தான் வாசல், எல்லாம் என் வழியாப் போங்க'ன்னு சொல்லுது. கம்பின்னா வேகம்னு கம்ப்யூட்டரும் அதை நம்பி எல்லாத்தையும் அங்க அனுப்புது. சரி, அந்தப் பெட்டிக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு?"

"பெட்டிக்கு அந்தப் பக்கமா? தண்ணிதான் இருக்கு."

"பார்த்தீங்களா! உங்க இன்டர்நெட் எல்லாம் நேராப் போய்த் தண்ணியில விழுந்துட்டிருக்கு!"

விசில் அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். அவளுக்கு எல்லாமே சட்டென்று விளங்கிவிட்டது. மேலே என்ன செய்ய வேண்டும் என்பதை ஏணி சொல்லச் சொல்லச் செய்தாள். கம்பி இணைப்பின் அமைப்பைத் திறந்து, கம்ப்யூட்டரின் முகவரியைக் கையாலேயே எழுதி, கேட்வே என்ற கட்டத்தை மட்டும் காலியாக விட்டாள். பிறகு இரண்டு இணைப்புகளுக்கும் மெட்ரிக் என்று ஓர் எண் கொடுக்க வேண்டியிருந்தது. சின்ன எண் உள்ளவருக்குத்தான் முதல் மரியாதை. வைஃபைக்குச் சின்ன எண், கம்பிக்குப் பெரிய எண்.

கம்பியைச் செருகினாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்தைத் திறந்தாள். திறந்தது!

சந்தோஷம் தாங்காமல் விசிலை எடுத்து ஊதிவிட்டாள். குளத்தில் இருந்த அத்தனை பேரும் ஏதோ ஆபத்து என்று நினைத்து அலறி அடித்துக்கொண்டு கரையேறினார்கள். "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, இன்டர்நெட் வந்துருச்சு!" என்று அவள் கண்ணாடி அறையிலிருந்து கையை ஆட்டினாள். நனைந்துபோய் நின்ற ஒரு பெரியவர், "எங்க வீட்லயும்தான் வருது, நாங்க என்ன ஊதிக்கிட்டா இருக்கோம்?" என்று முணுமுணுத்தபடி மறுபடியும் இறங்கினார்.

அந்தச் சந்தோஷம் அடுத்த அறை விடும் வரைக்கும்தான். ஓடிப்போய் பலகையில் அறைந்தாள். திரை சும்மா இருந்தது. இன்னும் பலமாக அறைந்தாள். உள்ளங்கை சிவந்ததுதான் மிச்சம். இப்போது இணையம் இருக்கிறது, நேரம் வரவில்லை. சம்பந்திகளில் இவர் வந்ததும் அவர் கிளம்பிவிட்டார்.

அன்று சாயங்காலம் ஏணியே நேரில் வந்தாள், இடுப்பில் கருவிப் பையும் கக்கத்தில் ஹெல்மெட்டுமாக. திரையில் இரண்டு முகவரிகளையும் பார்த்தவள் நெற்றியைச் சொறிந்தாள்.

"அண்ணி, வைஃபை முகவரியோட முதல் மூணு எண்ணையும் படிங்க. இப்ப பெட்டியோடது."

"ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்கு?"

"அதான் வம்பே. அந்த மூணு எண்ணும் தெருப் பேர் மாதிரி, கடைசி எண் வீட்டு நம்பர் மாதிரி. ரெண்டு தெருவுக்கும் ஒரே பேர் வச்சிருக்காங்க. பெட்டி வீட்டுக்குப் போகணும்னு கம்ப்யூட்டர் கிளம்புது, அதே பேர்ல இருக்கிற வைஃபை தெருவுக்குள்ள நுழைஞ்சு தேடுது. அங்க அப்படி ஒரு வீடே இல்ல."

ஏதாவது ஒரு தெருவின் பெயரை மாற்றலாம் என்றால் அதற்கும் வழியில்லை. வைஃபை கட்டடம் முழுவதற்கும் பொதுவானது, மாடியில் இருந்த உடற்பயிற்சிக் கூடமும் அதைத்தான் நம்பியிருந்தது. சாம்பல் பெட்டியின் அமைப்பு பாஸ்வேர்டு போட்டுப் பூட்டியிருந்தது. அதைப் போட்டவர் எங்கே இருக்கிறார் என்று விற்றவருக்கே தெரியவில்லை.

விசில் அக்கா குளத்தைப் பார்த்தபடி யோசித்தாள். "தெருவைப் பத்தி எதுக்குப் பேசணும்? நமக்கு வேண்டியது அந்த ஒரே ஒரு வீடுதானே? அந்த வீட்டுக்கு மட்டும் இப்படித்தான் போகணும்னு சொல்லி வைக்க முடியாதா?"

ஏணி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "அண்ணி! நான் அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்! முடியும். தெருவுக்குன்னு ஒரு வழி இருந்தாலும், அந்த வீட்டுக்குன்னே தனியா ஒரு வழி எழுதியிருந்தா கம்ப்யூட்டர் அதைத்தான் எடுத்துக்கும். மெட்ரிக் எல்லாம் அப்புறம்தான்."

கட்டளைகளை அடிக்கும் கறுப்புத் திரையைத் திறந்தார்கள். "நீங்களே அடிங்க, உங்க பெட்டி," என்று ஏணி கையைக் கட்டிக்கொண்டாள். வழியைச் சேர் என்ற கட்டளை, பெட்டியின் முகவரி, அந்த ஒரு முகவரி மட்டும்தான் என்று சொல்ல இருநூற்று ஐம்பத்தைந்து நான்கு தரம், கடைசியில் எந்த இணைப்பு வழியாகப் போக வேண்டும் என்பதற்கான எண். முதல் தடவை விசில் அக்கா கம்பியின் எண்ணுக்குப் பதில் வைஃபையின் எண்ணை அடித்துவிட்டாள், ஒன்றும் நடக்கவில்லை. அழித்துவிட்டு மறுபடி அடித்தாள். ஏணி போய்த் தண்ணீருக்குள் கையை விட்டு பலகையைத் தட்டினாள். திரையில் எண். இணையப் பக்கத்தில் எண். கொஞ்ச நேரத்தில் விசில் அக்காவின் போனில் கணவரிடமிருந்து ஒரு செய்தி: "இப்ப யாரோ மூணாம் தடத்துல கை வச்சாங்க. யாரது?"

"உன் தங்கச்சிதான்யா!" என்று ஏணி போனைப் பிடுங்கிக் கத்தினாள், அது எழுத்தில் போகாது என்பதையும் மறந்து.

போட்டி நாளன்று குளம் அடையாளம் தெரியவில்லை. படிக்கட்டெல்லாம் கூட்டம். குளோரின் வாசனைக்குள் ஈரத் துண்டுகளின் வாசனை. ஒலிபெருக்கியில் மைக்காரர் பிளந்து கட்டிக்கொண்டிருந்தார். காலையிலிருந்து ஒவ்வொரு பந்தயத்தின் நேரமும் பிசகில்லாமல் வந்தது, இணையப் பக்கத்தில் ஏறியது. கப்பலிலிருந்து செய்திகள் வந்தபடி இருந்தன. இன்ஜின் அறைக்காரர் தனியாகப் பார்க்கவில்லை. சாப்பாட்டு அறையில் எல்லோருமாகக் கூடிவிட்டார்களாம். முகம் தெரியாத நீச்சல்காரர்களுக்கெல்லாம் அங்கே கைதட்டல் விழுகிறதாம்.

விசில் அக்கா நீச்சலுடையும் தொப்பியும் போட்டுத் தயாராக நின்றாள். அவள் பந்தயம்தான் அடுத்தது. அப்போது மைக்காரர் புதிதாக ஒரு ஒலிபெருக்கியை இழுத்துக்கொண்டு கண்ணாடி அறைக்குள் வந்தார். கால் ஒயரில் சிக்கியது. தடுமாறி மேஜையைப் பிடித்தார். பிளக் சுவரிலிருந்து கழன்று வந்தது. கம்ப்யூட்டர் செத்தது.

"ஐயோ!" என்றார் மைக்காரர், ஒலிபெருக்கியிலேயே.

பிளக்கைச் செருகி மறுபடியும் கம்ப்யூட்டரை எழுப்பினார்கள். இணையம் வந்தது. நேரம் வரவில்லை. விசில் அக்கா கறுப்புத் திரையைத் திறந்து வழிகளின் பட்டியலைப் பார்த்தாள். பெட்டிக்கென்று எழுதிய வழியைக் காணோம்! கம்ப்யூட்டர் அணைந்ததும் அது மறைந்துபோயிருந்தது.

ஏணியை அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. எந்தக் கம்பத்தின் உச்சியில் நிற்கிறாளோ.

"பரவால்ல விசில், நடுவர்ங்க கண்ணால பார்த்துச் சொல்லட்டும், நீ போய் நீந்து," என்றார் மேனேஜர். அவர் முகம் வேர்த்திருந்தது. வெளியே அவள் பிரிவைக் கூப்பிட்டார்கள்.

"எனக்கு வரும் சார். ஒரு நிமிஷம்."

குனிந்தாள். கண்ணாடியை இன்னும் கழற்றாமல் இருந்தது நல்லதாய்ப் போயிற்று. முதலில் கம்பியின் எண் என்னவென்று பார்த்தாள், இந்தத் தடவை ஏமாறவில்லை. கட்டளை, பெட்டியின் முகவரி, நான்கு இருநூற்று ஐம்பத்தைந்து, கம்பியின் எண். சரி என்றது கம்ப்யூட்டர். "ஒரு பலகையைத் தட்டுங்க!" என்று கத்தினாள். பலகைப் பக்கம் நின்ற நடுவர் குனிந்து தட்டினார். எண் வந்தது!

"பட்டனை மறந்துராதீங்க சார்!" கண்ணாடியைக் கழற்றி கீபோர்டு மேல் வைத்துவிட்டு ஓடினாள். குளத்தோரத்தில் யாரும் ஓடக்கூடாது என்று இத்தனை வருஷமாக ஊதியவள் தலைதெறிக்க ஓடியதைப் பார்த்துப் படிக்கட்டு முழுக்க ஆரவாரம்.

நான்காம் தடம் அவளுக்கு. ஐந்தாம் தடத்தில் பக்கத்து ஊர்ப் பல் டாக்டரம்மா, தோள் அகலமானவர். ஒலி கேட்டதும் பாய்ந்தாள். தண்ணீர் காதை மூடியது. போகும்போது அவள் பின்தங்கியிருந்தாள். அது அவளுக்கே தெரிந்தது, இரண்டு பக்கமும் நுரைதான் கண்ணில் பட்டது. சுவரை உதைத்துத் திரும்பினாள். உதை நன்றாக விழுந்தது. மூச்சு எடுக்கும் ஒவ்வொரு முறையும் டாக்டரம்மாவின் முழங்கை இன்னும் கொஞ்சம் பின்னால் தெரிந்தது. கை எரிந்தது, நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. சுவர் நெருங்கிவிட்டது என்று காட்டத் தலைக்கு மேலே கட்டியிருந்த கடைசிக் கொடிகளைத் தாண்டியதும் மூச்சே எடுக்கவில்லை. தலையைப் புதைத்து, கையை முழுசாக நீட்டி, பலகையைக் குத்தினாள்.

எழுந்து பார்த்தால் எல்லாம் மங்கல். சுவர்க் கடிகாரம்கூட ஒரு வெள்ளை வட்டமாகத்தான் தெரிந்தது. முதல் இரண்டு இடத்தில் சந்தேகமில்லை, அவர்கள் முன்பே கையைத் தூக்கிவிட்டார்கள். மூன்றாவது யார்? கரையில் நடுவர்கள் கூடிப் பேசினார்கள். ஒருவர் ஐந்தாம் தடத்தைக் கைகாட்டினார். டாக்டரம்மா மூச்சு வாங்கிக்கொண்டே கயிற்றுக்கு மேலே கை நீட்டி, "நல்லா நீந்துனீங்க," என்றார். விசில் அக்காவும் கையைப் பிடித்து, "நீங்களும்தான்," என்றாள். நாலாவதென்றாலும் பரவாயில்லை, பந்தயம் போயாயிற்று.

ஏணிப்படியில் ஏறி, தள்ளாடியபடி கண்ணாடி அறைக்குப் போனாள். மேனேஜர் இரண்டு கையையும் தலைமேல் வைத்துக்கொண்டு நின்றார். அவள் கீபோர்டு மேலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டினாள். பக்கத்தில் கிடந்த போன் துள்ளிக்கொண்டிருந்தது.

"மூணாவது!!!" என்றது முதல் செய்தி. "விசில் நீ மூணாவது!!" என்றது அடுத்தது. மூன்றாவதாக ஒரு குரல் பதிவு. அமுக்கினாள். கணவரின் குரலே கேட்கவில்லை. பல ஆண்கள் ஒரே நேரத்தில் போடும் கூச்சலும், யாரோ தட்டில் கரண்டியால் அடிக்கும் சத்தமும்தான் கேட்டன.

திரையைப் பார்த்தாள். நான்காம் தடத்துக்கும் ஐந்தாம் தடத்துக்கும் நடுவே இமை கொட்டும் நேரம்கூட இல்லை. ஆனால் நான்காம் தடம்தான் முன்னால்! கரையில் நடுவர்கள் அப்போதுதான் பெட்டியின் கணக்கை ஏற்றுக்கொண்டார்கள். மைக்காரர் தொண்டை கிழிய அறிவித்தபோது, கடலுக்கு நடுவே இருந்த கப்பலுக்கு அது பழைய செய்தி.

படிக்கட்டு ஆட்டம் கண்டது. பல் டாக்டரம்மா ஈரத்தோடு ஓடி வந்து கட்டிப்பிடித்துக்கொண்டு, "அந்தப் பெட்டியை மட்டும் யாராவது எனக்குக் காட்டுங்க, ஒரு உதை விடணும்!" என்றார். இருவரும் சிரித்த சிரிப்பில் மேனேஜரும் சேர்ந்துகொண்டார். "நான் பட்டனை சரியா அமுக்கினேன், பார்த்தியா?" என்று கேட்டார்.

அப்போதுதான் ஏணியின் அழைப்பு வந்தது. "அண்ணி! கம்பத்துல இருந்தேன், போனை எடுக்க முடியல! என்ன ஆச்சு?"

"நீ எழுதச் சொன்ன வழி காணாமப் போயிருச்சு. மறுபடியும் அடிச்சேன்."

"ஐயையோ! கட்டளையோட ஒரு 'பி'யைச் சேர்த்து அடிக்கச் சொல்ல மறந்துட்டேன் அண்ணி! அது இருந்தா நிரந்தரமா இருக்கும், கம்ப்யூட்டரை அணைச்சாலும் போகாது. கோவமா?"

"கோவமா? ஏய், நான் மூணாவது வந்துட்டேன்டீ!"

ஏணி போட்ட சத்தத்தில் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது. அடுத்த பந்தயத்துக்கு ஆட்கள் மேடையில் ஏறிக்கொண்டிருந்தார்கள். விசில் அக்கா தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, தண்ணீர் சொட்டச் சொட்ட நாற்காலியில் உட்கார்ந்தாள். கறுப்புத் திரையில் அதே வரியை இன்னொரு முறை அடித்தாள், இந்தத் தடவை 'பி'யோடு. பிறகு மேனேஜரைப் பார்த்து, "சார், அந்த மைக்காரரை மட்டும் இந்த அறைக்குள்ள விடாதீங்க," என்றாள்.